மஞ்சள் கோட்டில் பன்னிரண்டு பேர்

"ரவுண்டா நிக்க வெச்சிப் பேசினா பீஸ் வந்துடுமா? இன்னாம்மா, நாத்து நடற வயலா இது, பாட்டு பாடி வேலை வாங்க?"

எங்கள் பிரிவின் இன்சார்ஜ் இப்படிக் கேட்டபோது என் லைனின் பன்னிரண்டு பெண்களும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். என் அம்மா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"நட்டவங்க ஊட்டுப் பொண்ணுதான் சார். தினம் பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

"ஒரு மாசம். பலகையில சிவப்பு குறையலன்னா நீ திரும்பவும் மெஷின்ல போய் உக்காரு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. வயர் நுனியில் சின்ன உலோக முனையை மெஷினால் அழுத்திப் பொருத்துவது எங்கள் லைனின் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்து, அப்போதுதான் லைன் லீடர் ஆகியிருந்தேன். லைன் முனையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யார் கையில் பீஸ் கெட்டதோ அவர் பெயரைச் சிவப்பு மையில் அதில் எழுதுவது லீடரின் கடமை. பெயர் அடிக்கடி வந்தால் ஒப்பந்தம் நீளாது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தப் பலகையில் அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு குழுவைப் பேசவைப்பது எப்படி என்று கம்பெனி பஸ்ஸில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். எல்லாம் ஆங்கிலம். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கோட்டு போட்டவர்கள் கண்ணாடி அறையில் செய்வதை நாங்கள் தொழிற்சாலைச் சீருடையில் செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

முதலில் செய்தது, வயரில் சுற்றும் டேப் ரோலைக் கைமாற்றுவது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். முதல் நாள் அது பன்னிரண்டு கைகளையும் சுற்றி ஒரு சொல்லும் இல்லாமல் என்னிடமே திரும்பி வந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் அக்காதான், லைனிலேயே மூத்தவர், வாயைத் திறந்தார்.

"லீடரம்மா, இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? வாய்லயா ஒட்டிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததே லாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுவது. நாமே பதில் சொல்லிவிடக் கூடாது. எனக்கு இதுதான் மிகக் கடினம். பன்னிரண்டு எட்டும்போதே நாக்கு துறுதுறுக்கும்.

மூன்றாவது வாரம் மஞ்சள் கோடு. மெஷினுக்கும் தூணுக்கும் நடுவே தரையில் நடைபாதைக் கோடு இருக்கிறது. "இந்த வேலை முழுசா தெரியும்னா தூண்கிட்ட நில்லுங்க. தெரியாதுன்னா மெஷின்கிட்ட. நடுவுலயும் நிக்கலாம்" என்றேன். பன்னிரண்டு பேரும் தூணைக் கட்டிப்பிடிக்காத குறையாக நெருக்கியடித்து நின்றார்கள்.

"தள்ளுடி, மூச்சு முட்டுது."

"நீ தள்ளு. எனுக்கு உன்ன விட நல்லா தெரியும்."

கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். தெரியாது என்று சொன்னவளை இந்த இடத்தில் யார் வேலையில் வைத்துக்கொண்டார்கள்? தெரியாததைச் சொல்ல முதலில் யாருக்குத் துணிச்சல் வேண்டும்?

நான் மெஷின் பக்கம் போய் நின்றேன். "இந்தப் புது மெஷினோட அழுத்தம் எப்படி வெக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. தினமும் முந்தின ஷிப்ட் எழுதினதப் பாத்துதான் கையெழுத்துப் போடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. இருபது வரை எண்ணினேன். ஊத்துக்கோட்டை அக்கா தூணை விட்டு நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"புது வயர் ரோல் மாத்துனா மொத நாலு பீஸ்ல முனை வாயப் பொளந்துக்குது. ஏன்னு தெர்ல. என் கைதான் சரியில்லன்னு நெனச்சிக்கினு கீறேன்."

"உனுக்குமா?" என்றாள் கடைசி மெஷின்காரி.

"எனுக்கும்தான்."

"அய்ய, எனுக்கும். நான் யார்கிட்டயும் சொல்லல."

அப்போதுதான் ஒருத்தி பழைய கையுறை போடும் பெட்டியைக் காட்டினாள். தூக்கிப் பார்த்தேன். நைந்த கையுறைகளுக்கு அவ்வளவு கனம் இருக்காது. கொட்டினேன். ஒவ்வொரு கையுறை விரலுக்குள்ளும் கெட்ட பீஸ்கள். ஒவ்வொருத்தியும் தன் தப்பு என்று நினைத்து, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒளித்தது. நான் பலகையில் எழுதியது பிடிபட்டவர்களை மட்டும்தான்.

அன்றே பலகையைத் துடைத்தேன். பெயர் இருந்த இடத்தில் மெஷின் எண், ரோல் மாற்றிய நேரம், என்ன கெட்டது என்று எழுதச் சொன்னேன். அவரவர் கையாலேயே எழுதினார்கள். யாரும் எதையும் ஒளிக்காததால் அந்த வாரம் பலகை முழுக்கச் சிவப்பு. ஒரு மாதத்தில் குறைத்துக் காட்ட வேண்டியவள் நான்.

இன்சார்ஜ் மெமோ கொடுத்தார். அனுமதியில்லாமல் பெயர்களை நீக்கியது, தரம் கெட்டது. மூன்று நாளில் பதில் தர வேண்டும். "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு பழையபடி பேரை எழுது. லீடரா இருந்துக்கோ" என்று கருணையும் காட்டினார்.

வீட்டில் அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி எழுதிக்கீறான்?"

படித்து, தமிழில் சொன்னேன்.

"ஒரு மன்னிப்புதானே? கேட்டுட்டுப் போயேன். நான் கேக்காததா?"

"நீ கேட்டதெல்லாம் போதும்மா."

அம்மா தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "அப்ப நல்லா எழுது. அடிச்சி திருத்தாம எழுது" என்றாள்.

ஒரு பக்கத்தில் எழுதினேன். பெயர்களை நான்தான் அழித்தேன், மீண்டும் எழுத மாட்டேன். முன்பு பலகையில் சிவப்பு குறைவாக இருந்ததற்குக் காரணம் கையுறைப் பெட்டி. கெடுவது ரோல் மாற்றியதும் வரும் முதல் சில பீஸ்கள், எல்லா மெஷினிலும், எல்லார் கையிலும். லீடர் வேலையை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கை எடுத்துவிட முடியாது. காலைக் கூட்டத்தில் டேப் ரோலைச் சுற்ற விட்டு, எழுதியதை வாசித்தேன். மாற்ற வேண்டியதைச் சொல்லச் சொன்னேன். ஊத்துக்கோட்டை அக்கா ஒன்று சொன்னார்: "நாங்களே ஒளிச்சோம்னு போடு. உன் தலையில மட்டும் வேணாம்." சேர்த்தேன். பன்னிரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

இன்சார்ஜ் மேஜையில் வைக்காமல் தொழிற்சாலை மேலாளரின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். என் வேலை என்னவாகும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

நேற்று காலை மூன்றாம் மெஷினுக்குப் புது ரோல் வந்தது. முதல் பீஸ் விழும் முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினேன். ரோல் மாற்றும்போது அழுத்தம் வைப்பதைப் பன்னிரண்டு பேருக்கும் எனக்கும் கற்றுக்கொடுக்க ஆள் அனுப்பும்படி மெயின்டனன்ஸ் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.