துப்பிவிட்டால் குடித்ததாகாது என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதச் சாரலில், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையிலுள்ள ஒரு வீட்டில் நடந்தது இது. அந்த வீட்டுக்கு நான்தான் காவல், சமையல், தோட்டம் எல்லாம். ஓனர் சென்னைக்காரர். சீசனுக்கு மட்டும் நண்பர்களோடு வருவார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொந்த ஊர் கடையம் பக்கம். ஒரே ஊரில் ரொம்ப நாள் இருந்தால் கால் நிற்காது. திருப்பூரில் பனியன் மடித்தேன். துபாயில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் கிடந்தேன். நடுவில் ஐந்து வருடம் கோவாவில், கடற்கரை பார் ஒன்றில் கிளாஸ் கழுவினேன். அங்கே கற்றுக்கொண்டதுதான் ஜின்.

ஜின் என்றால் வெறும் சாராயம் இல்லை. ஜூனிப்பர் என்று ஒரு குளிர்நாட்டுக் காய் இருக்கிறது. அதோடு கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், அதிமதுரம் என்று பலதையும் சேர்த்து வடிப்பார்கள். லண்டன் டிரை என்றால் இனிப்பே இருக்காது. ஓல்டு டாம் லேசாக இனிக்கும். ஹாலந்துக்காரர்களுடையதில் தானிய வாசனை தூக்கலாக இருக்கும். பார் முதலாளி எனக்கு ருசி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். துளி தண்ணீர் விட்டு மோந்து பார்த்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கச் சுழற்றி, பிறகு துப்பிவிட வேண்டும். விழுங்கினால் நாலாவது கிளாஸில் நாக்கு பொய் சொல்லும் என்பார். என் வாழ்க்கையில் நான் முறையாகப் படித்த பாடம் அது ஒன்றுதான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

ஓனருக்கு இது தெரிந்த பிறகு, சீசனுக்கு வரும்போதெல்லாம் ஜப்பான், ஸ்பெயின், ஸ்காட்லாந்து என்று ஆறேழு நாட்டுப் பாட்டில்களோடு வருவார். நான் கிளாஸ்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் விளக்குவேன். காரில் வந்தவர்கள் கைகட்டிக் கேட்பார்கள்.

அந்த வருடம் விருந்தாளிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சியை வரச்சொல்லியிருந்தேன். மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கும் தொழில் அவருக்கு. வயது ஐம்பது இருக்கும். எனக்கும் அவ்வப்போது தேய்த்துவிடுவார். அப்படி ஒருநாள் முதுகில் தேய்த்துக்கொண்டே தன் கதையைச் சொல்லியிருந்தார். முன்பு நிறையக் குடித்திருக்கிறார். கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கைக்கு யார் உடம்பைக் கொடுப்பார்கள்? தொழிலே போய்விட்டது. பிறகு குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்து குடியை விட்டார். "நாலு வருசமாச்சு தம்பி. ஒரு சொட்டு படல" என்றார். அதாவது, எனக்கு எல்லாம் தெரியும்.

மத்தியானம். வெளியே சாரல். கூடத்தில் நாலு பேர் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டு, "இதில் மிளகு இருக்கிறது" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தோள் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக அண்ணாச்சி எங்களைக் கடந்து போனவர், நின்றார்.

"மொளகு இல்ல தம்பி, வால்மொளகு. கூட சாதிபத்திரி கெடக்கு" என்றார்.

ஓனர் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். இரண்டும் இருந்தன. கூடமே சிரித்தது. "என்னப்பா, ஒனக்கே வாத்தியார் வந்துட்டாரு!" என்றார் ஒருவர். அடுத்த கிளாஸை அண்ணாச்சியின் மூக்கருகே நீட்டினார்கள். அதிமதுரம் என்றார். அடுத்தது ஏலம். தைலம் காய்ச்சுகிறவருக்கு நாட்டு மருந்துக் கடையில் தெரியாத சரக்கு உண்டா? ஜூனிப்பர் மட்டும் பிடிபடவில்லை. "இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்ல" என்று வெட்கத்தோடு சிரித்தார். அவர் ஒரு கிளாஸையும் கையால் தொடவில்லை. குனிந்து முகர்ந்ததோடு சரி.

எனக்கு உள்ளே எரிந்தது. எச்சில் கிளாஸ் கழுவி ஐந்து வருடத்தில் சேர்த்ததை, இவர் போகிற போக்கில் ஊதிவிட்டாரே என்று இருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். "மோந்து பாக்கதெல்லாம் பாதிதான் அண்ணாச்சி. நாக்குல வச்சாத்தான் முழுசாத் தெரியும்."

"நான் தொடமாட்டேம்லா."

"குடிக்கச் சொல்லல. கொப்பளிச்சுத் துப்பணும். நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுதோம்."

அவர் என்னையே பார்த்தார். கூடத்திலிருந்த படித்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "துப்பிட்டா குடிச்ச கணக்கு இல்லையால? நீ படிச்ச தொழிலு, ஒனக்குத் தெரியும். சொல்லு."

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். நான் எவர்சில்வர் வாளியை நீட்டினேன். கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தார். பிறகு அவர் தொண்டை ஏறி இறங்கியது.

யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. கைதட்டினார்கள். கிளாஸை அவரே எடுத்து மிச்சத்தையும் குடித்தார். அதற்குப் பிறகு எந்த வாசனையையும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். எண்ணெய்க் கிண்ணம் கூடத்திலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி கேட்டுக்கு வெளியே நனைந்தபடி நின்றார். அருவிக்குப் போகும் வழியில் துண்டும் சோப்பும் விற்பவர்.

"தம்பி, அவுக ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. மறுபடியும் குடிச்சிருக்காகன்னு சொல்லுதாங்க. எந்தப் பாவி ஊத்திக் குடுத்தானோ தெரியல. நீங்க சொன்னாக் கேப்பாக. கொஞ்சம் தேடிப் பாருங்க."

"பாக்கேன் மதினி" என்றேன்.

தென்காசி முழுக்கத் தேடி, கடைசியில் செங்கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே கண்டுபிடித்தேன். வேட்டியெல்லாம் சேறு. டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"ஒம்மேல குத்தம் இல்லடே. நீ துப்பத்தாம்ல சொன்ன. நாந்தான் முழுங்கிட்டேன். வீட்ல ஒம் பேரச் சொல்லமாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது. பஸ்ஸில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மதினி கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணாச்சியைக் கவனிக்கும் முன்பே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணாச்சியின் குடி நிற்கவில்லை. ஒருவாரம் வேலைக்கு வருவார், நாலு நாள் காணாமல் போவார். அருவிக்கரையில் அவர் கையைப் பார்த்துவிட்டு ஆட்கள் வேறு பக்கம் போவதை நானே பார்த்தேன். சீசன் முடியும்போது இனி தாங்காது என்று மதினியின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அவுக விட்டது தெரிஞ்சுதான் குடுத்தியளா?"

"தெரிஞ்சுதான் மதினி."

அவர் கத்தவில்லை. துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தார். யாரோ வந்து சோப்பு கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு எங்கையால டீய வாங்கிக் குடிச்சியள!" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியும் மருந்துமாக அலைந்து, அண்ணாச்சி மீண்டும் நிறுத்திவிட்டார். அதில் என் பங்கு எதுவும் இல்லை, எல்லாம் மதினிதான். இப்போது அருவிக்கரையில் வேலை செய்கிறார். நான் எப்போதாவது அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால், "என்னடே, எங்கன இருக்க?" என்று விசாரிக்கிறார். நான் அந்த வேலையை விட்டுவிட்டு, அப்புறம் இரண்டு ஊர் மாறிவிட்டேன்.

தெரியாமல் செய்த தப்புகள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு. அவற்றை அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என் படிப்பை நம்பி ஒருவர் கேட்ட ஒரே கேள்விக்கு நான் தெரிந்தே சொன்ன அந்தப் பதிலை மட்டும் எந்த ஊரிலும் இறக்கி வைக்க முடியவில்லை.