கேமரா வந்த பிறகு படித்த படிப்பு

திருமழிசைத் தொழிற்பேட்டையில் பல வருடங்கள் எனக்குப் பார்ப்பதுதான் வேலை. ரப்பர் வளையங்கள் வரிசையாக வரும். வெடிப்போ பிசிறோ இருந்தால் பொறுக்கித் தனியே போட வேண்டும். ஒருநாள் மேசைக்கு மேல் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். கொஞ்ச காலம் அது எங்களோடு சேர்ந்து பார்த்தது. பிறகு அது மட்டும் போதும் என்று எங்களை நிறுத்திவிட்டார்கள்.

அரசு பாலிடெக்னிக்கில் தானியங்கி இயந்திரங்களுக்கென்று மாலை நேர டிப்ளமோ தொடங்கியிருந்தார்கள். கட்டணம் முழுக்க அரசினுடையது. சேரப்போவதாகச் சொன்னதும், ஆட்டோ ஓட்டும் என் கணவர் சிரித்தார்.

"இன்னாமே, இந்த வயசுல காலேஜா? பையத் தூக்கினு போவப்போறியா?"

"டிரைவர் இல்லாத ஆட்டோ வந்தா நீயும் அங்கதான் வந்து குந்தணும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. மறுநாள் ஆவடி வீட்டிலிருந்து அவரே கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார்.

ஆய்வுக்கூடத்தில் அதே மாதிரிக் கேமரா ஒன்று இருந்தது. அரசுப் பணத்தில் வாங்கியது. கழற்றி என் கையில் கொடுத்தார்கள். டிபன் டப்பா கனம்கூட இல்லை. இதையா இத்தனை நாள் திட்டித் தீர்த்தோம் என்று இருந்தது. கணக்கில் தோற்று, மறுபடி எழுதி, படிப்பை முடித்தேன். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தொழிற்சாலைகளுக்குப் போய் இப்படிப்பட்ட கேமராக்களைப் பொருத்தும் வேலை.

முதலில் அனுப்பியது பூந்தமல்லிப் பக்கம். அங்கேயும் மேசையைச் சுற்றிப் பெண்கள். ஏணியில் ஏறி நின்ற என்னிடம் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, இது வந்தா எங்கள ஊட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாம்மா. கொஞ்ச நாள்ல." இறங்கி வந்து கேட்டேன். "ப்ளஸ் டூ முடிச்சிருக்கியா? நான் படிச்ச படிப்புல சேரலாம்."

"எட்டாவது வரைக்கும்தான்க்கா."

அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அவளிடம் பேசியதற்காக அலுவலகத்தில் திட்டு விழுந்தது. ஆனாலும் அடுத்த வாரம் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தேன்.

"ப்ளஸ் டூ முடிக்காதவங்களுக்கும் ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாமே, சார்?"

"எழுதிக் கேட்டிருக்கோம்மா. அரசு பணம் ஒதுக்கினா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

என்னைப் படிக்க வைத்த அதே அரசுதான். என்வரை நீண்ட அதன் கை அவள்வரை நீளவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. இப்போது தனித்தேர்வராகப் பத்தாவது எழுதத் தயாராகிறாள். போன வாரம் போனில் கேட்டாள். "நான் பாஸ் பண்றதுக்குள்ள அந்த வகுப்பு வந்துடுமாக்கா?"

தெரியாது என்றேன். நீ படி என்றும் சொன்னேன்.