ரோகிணி நட்சத்திரம்

கொட்டகலையைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேர், சாலையோரத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்திருக்கிறது. தூறலில் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். வாசலுக்கு வாசல் பெண்கள் தேங்காய்த் தட்டோடு நிற்கிறார்கள்.

கடைசி வாசலில் நிற்கும் பெண்ணிடம் பூசாரி பெயர் கேட்கிறார்.

"செல்வராணி, ரோகிணி நட்சத்திரம்."

பூசாரி தட்டை வாங்காமல் அவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு வாங்கி, அந்தப் பெயரைத் தணிந்த குரலில் சொல்லி அர்ச்சனை செய்கிறார்.

தேர் நகர்ந்ததும், "உங்க பேருங்களா?" என்று கேட்கிறேன்.

"மக பேருங்க. போன மழையில மண்ணு சரிஞ்சு எங்க பழைய லயம் போயிருச்சு. மத்தவங்கள எல்லாம் எடுத்துட்டாங்க. இவ மட்டும் கெடைக்கல."

 அவளே தொடர்கிறாள்.

"செத்தவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணக்கூடாதுன்னு வீட்ல சண்டை. வருசத்துல ஒருநாள் அம்மா வாசல் தேடி வர்றா, வீட்டு ஆளுங்க பேரத்தானே சொல்லணும்? கண்ணால பாக்காம நான் எப்பிடிங்க அவ பேர விடுறது?"

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கோபமாகக் கூப்பிடுகிறது. அவள் பூசாரி தந்த குங்குமத்தைத் தன் நெற்றியில் வைக்காமல், மழை படாதபடி காகிதத்தில் மடித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.