கீழே தனியாகக் கிடந்த புள்ளி

எழுபதுகளில், பரளச்சிப் பக்கம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த எங்களிடம் ரத்தம் எடுக்க மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. ஊசி குத்துமுன் ஒவ்வொருவரிடமும், "மன்னிச்சுக்கிருங்க அண்ணாச்சி" என்பார். ரத்தத்திலுள்ள ஒரு நொதியை அந்த மருந்து எவ்வளவு முடக்குகிறது என்று பார்த்தாராம்.

மறுவருஷம் அச்சான கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு படத்தில் எங்கள் ரத்தமெல்லாம் புள்ளிகளாக மேலே கூடிக் கிடந்தது. ஒரே ஒரு புள்ளி மட்டும் அடியில். மருந்து அதிகம் பாதித்த ஆள் அதுதான் என்றார். அது நான்தான் என்று உடனே முடிவுகட்டினேன். எந்த மாடு யாருக்கு என்று மனசுக்குள் உயில்கூட எழுதி முடித்துவிட்டேன்.

"சார், அது நான்தானே? மறைக்காமச் சொல்லுங்க."

"இல்ல அண்ணாச்சி, அது நானு. உங்ககிட்ட ரத்தம் கேக்குறதுக்கு முன்னாடி நானும் பத்து நாள் மருந்தடிச்சுப் பாத்தேன். உங்கள மாதிரி மூஞ்சில துண்டு கட்டத் தெரியல."

"அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவரோ, "ஆமா, நீங்க நல்லாருக்கீக" என்று என் தோளைத் தட்டினார்.

அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.