தும்மல் சார் சொன்ன ரகசியம்

தும்மல் சார் போய்விட்டார் என்று எதிர்க்கடைக்காரர் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று எரிந்து விழுந்தேன். முந்தின நாள் மாலைதான் சார் என் தையல் கடைக்கு வந்தார். பேண்ட்டைக் கொடுத்து நீளம் குறைக்கச் சொன்னவர், "பாத்து வெட்டும்மா, நான் வளர்ற வயசு" என்று கிண்டலடித்துவிட்டுப் போனார். காலையில் செருப்பு வார் மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். ஒரு மனிதர் இவ்வளவு லேசாகவா போவார்? கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தார். தலைமை ஆசிரியர் பதவி தேடி வந்தபோது, "அந்த ரூம்ல ஒரே பெரியவங்களா வந்து உக்காருவாங்க, எனக்குச் சரிப்படாது" என்று தட்டிக் கழித்துவிட்டார். சாக்பீஸ் தூள் அவருக்கு ஆகவே ஆகாது. பலகையில் ஒரு வரி எழுதினால் மூன்று தும்மல். நாங்கள் சத்தமாக எண்ணுவோம். வேறு வாத்தியாராக இருந்தால் முதுகு பழுத்திருக்கும். இவரோ நான்காவதாக ஒரு பொய்த் தும்மல் போட்டு எங்கள் கணக்கைக் குழப்புவார்.

அவர் வகுப்பில் யாரும் இடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவக் கூடாது. அவருடைய மேசை ஓரத்தில், கைப்பிடியைச் சுற்றிச் சீவும் ஷார்ப்பனர் ஒன்றைத் திருகி வைத்திருந்தார். முனை உடைந்தால் அவரிடம்தான் போக வேண்டும். அப்படி ஒரு நாள் நான் சீவிக்கொண்டிருந்தபோது என் காதருகே குனிந்தார்.

"என் சர்வீஸ்ல உன்னை மாதிரி ஒரு பிள்ளையை நான் பாத்ததே இல்ல. வெளிய சொல்லிடாத, மத்தவங்க மனசு கஷ்டப்படும்."

நான் மூச்சு விடவில்லை. பரீட்சையில் முட்டை வாங்கிய நாளிலும், கட்டியவன் கைவிட்டுப் போன நாளிலும், ஓட்டைத் தையல் மெஷின் ஒன்றோடு கடை போட்ட நாளிலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சாரே சொல்லியிருக்கிறார், அவர் என்ன விவரம் தெரியாதவரா என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்வேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் சாரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய ஒரே மகள் சிலையாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்பில் அவளும் என்னோடு படித்தவள்தான். பழைய மாணவர்கள் சிலர் சுவரோரம் நின்றோம். குழாய் ரிப்பேர் செய்யும் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அண்ணா, கொஞ்சம் தேத்திக்கங்க" என்றேன்.

"உனக்குத் தெரியாதும்மா. இதுவரைக்கும் என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. என்னை மாதிரி ஒரு பிள்ளையை சர்வீஸ்லயே பாத்ததில்லன்னு சார் சொன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பென்சில் சீவும்போதா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் நின்ற வங்கிக் காசாளர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய சொல்லாதன்னும் சொன்னாரா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்த பஸ் கண்டக்டர், "அடப்பாவி மனுஷா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சாவு வீடு என்பதே எனக்கு மறந்துபோனது. "அப்ப எல்லார்கிட்டயும் ஒரே பொய்யா? இதை நம்பித்தானே நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்!" என்று கத்திவிட்டேன். செத்தவர் மேல் இப்படி ஒரு ஆத்திரம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மகள் தலையைத் திருப்பினாள். "அப்பா என்னடி சொன்னாரு?"

குழாய்க்கார அண்ணன்தான் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயுமா?"

"அப்படித்தாம்மா தெரியுது."

"நானும் போய் நின்னிருக்கேன்" என்றாள். "வகுப்புல அப்பான்னு கூப்பிடக் கூடாது, சார்னுதான் கூப்பிடணும். வேணும்னே முனையை உடைச்சுக்கிட்டுப் போவேன், ஒரு வார்த்தை பேசமாட்டாரான்னு. சீவியாச்சுன்னா போய் உக்காருன்னு சொல்வாரு. அவ்வளவுதான்."

அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொந்த மகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று ஒரு பிள்ளையும் சொல்லிவிடக் கூடாதென்று அந்த மனிதர் எவ்வளவு பயந்திருக்கிறார்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளி விட்டவருக்கு இவளுக்கு ஒரு கிள்ளு கொடுக்க மனம் வரவில்லை. சற்றுமுன் ஏமாந்துவிட்டதாகக் கத்திய எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

குழாய்க்கார அண்ணன் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அப்படிப் பாத்தா நீ மட்டும்தாம்மா அவருக்குத் தனி" என்றார்.

"சும்மா இருங்கண்ணா" என்றாள்.

பிறகு அவள் மண்டியிட்டு, தன் காதை அவருடைய வாயருகே கொண்டுபோனாள்.

"சீவிட்டேன் சார்" என்றாள். "இன்னும் போய் உக்காரல."

கண்டக்டர் எங்களைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். கடைசியாக வந்த நான் கதவைச் சாத்தினேன்.