மாமாவின் ஜப்பானியப் பாட்டு

லண்டனில் அயல்வீட்டுக்காரரை முகத்தால் அறிவதில்லை, சுவரால்தான் அறிகிறோம். செவன் கிங்ஸில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், பக்கத்து வீட்டுப் பெண் எப்போது இருமுவாள், எப்போது தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. ஊரில் வேலிக்கு மேலால் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய எனக்கு இது கனவில் நடப்பது போலிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தார். ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபத்துப் பழஞ்சாமான் விற்பனையில் நான் அவருக்குக் குளிர்கோட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு மேசையருகில் நின்றுவிட்டார். கையில் நான்கு நரம்புள்ள சின்ன வாத்தியம். பொம்மைக் கிற்றார் என்று நினைத்தேன்.

"பொம்மையில்லை, பிள்ளை, உகுலேலே. அண்ணையிட்ட இருந்தது," என்றார்.

அம்மா மலாயாவில் பிறந்தவர். அம்மப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் மாமாவைச் சயாம் ரயில்பாதை போடும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனதும், அவர் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அதை வாங்கிவந்த அன்று பின்னேரம் சமையலறை யன்னலோரம் இருந்து, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தார். பிறகு விரல் நுனியால் நரம்புகளை வருடிப் பாடத் தொடங்கினார். எனக்குத் தெரியாத மொழி. மழை ஓய்ந்த வெளிச்சம் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க, நரைத்த தலை அம்மா பள்ளிக்கூடப் பிள்ளையாக மாறிப்போனார். ஜப்பானியப் பாட்டாம். மாமா வேலைசெய்த கந்தோரில் கிராமபோனில் கேட்டுப் பாடமாக்கி வந்து, இவருக்கும் சொல்லிக்கொடுத்தாராம். கருத்துக் கேட்டால் மாமா சொல்லமாட்டாராம். அம்மா அதை ஒப்பாரி போல இழுத்து இழுத்துத்தான் பாடுவார்.

சில வாரங்களுக்குப் பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண். சத்தமென்று முறையிட வந்திருக்கிறாள் என எண்ணி நான் "சொறி" என்றேன். அவளும் "சொறி" என்றாள். மாறி மாறி மன்னிப்புக் கேட்டு முடிந்த பிறகுதான், சின்ன வயதில் தன் தாய் பாடிய பாட்டுச் சுவருக்குள்ளால் கேட்கிறதே என்று தேடி வந்திருக்கிறாள் எனப் புரிந்தது. பெயர் கெய்கோ, ஜப்பான்காரி. வாசலில் தூரத்தே கண்டு, இவ்வளவு காலமும் அவளைச் சீனப்பெண் என்றே நினைத்திருந்தேன்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். "பாட்டின்ர கருத்து என்னண்டு கேள் பிள்ளை," என்றார்.

கெய்கோ சிரித்தாள். கடைசி டிராமைத் தவறவிட்ட ஒருவன், இனிக் காதலியோடு ஒரே குடையில் வீடுவரை நடக்கலாம் என்று மகிழ்கிறானாம். துள்ளலாகப் பாடவேண்டிய பாட்டாம்.

அம்மா உகுலேலேயை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, "அப்ப அண்ணைக்கு ஆரையோ பிடிச்சிருந்திருக்கு," என்றார். முகத்தில் தங்கைக்காரியின் குறும்பு. அது அடங்கியதும், "அண்ணைக்கு என்ன நடந்ததெண்டும் அவவுக்குச் சொல்லு," என்றார்.

வீடு தேடி வந்தவளிடம் அதையெல்லாம் ஏன் சொல்லவேண்டும் என்று தயங்கினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கெய்கோ கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, இடுப்பு மடிய அம்மாவுக்கு முன் குனிந்தாள். நிமிரவில்லை. அம்மா போய் அவள் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"நீர் அப்ப பிறக்கவேயில்லை, பிள்ளை," என்றார். அதை நான் கெய்கோவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதன்பின் சனிக்கிழமைகளில் கெய்கோ வந்தாள். அம்மா உகுலேலேயைத் துள்ளலாக வாசிக்கப் பழகினார். ஆனால் உச்சரிப்பு மாறவில்லை. ஜப்பானியச் சொற்களில் மாமாவின் யாழ்ப்பாண நாக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. கெய்கோ திருத்துவாள். அம்மாவும் கவனமாகத் திருப்பிச் சொல்லுவார். பாட்டுத் தொடங்கியதும் பழையபடியேதான் வரும். "அண்ணை இப்பிடித்தான் பாடினவர்," என்பார்.

கடைசியில் கெய்கோதான் விட்டுக்கொடுத்தாள். மாமாவின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பாடமாக்கி, அம்மாவோடு சேர்ந்து அவளும் அப்படியே பாடத் தொடங்கினாள்.