கோடிப் புடவையில் தைத்த பிடிதுணி

எங்கள் வீட்டுக் கரித்துணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். அடுப்பிலிருந்து குண்டானை இறக்க அதுதான், பொங்கி வழிந்த பாலைத் துடைக்க அதுதான், அவசரத்துக்கு மூக்கைத் துடைக்கவும் அதுதான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பிசுக்கு. கையில் எடுத்தால் செத்த எலியைத் தொட்ட மாதிரி இருக்கும். பாகூர்ப் பக்கம் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள் நான். ஒரு வீட்டிலாவது சுத்தமான கரித்துணியைப் பார்த்திருப்பேனா? நல்லதாக நாலு பிடிதுணி தைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தைக்கத் துணிதான் இல்லை.

என் வீட்டுக்காரர் செத்தபோது துணி வந்தது. கருமாதியன்று இருபத்தேழு கோடிப் புடவை. தாலி இறங்கியவளுக்குச் சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போடுகிற புடவை. கஞ்சி மொடமொடப்பு, குடோன் வாடை, தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரியும். தவளக்குப்பத்துக் கடையில் "கோடிக்கு ஒண்ணு குடுப்பா" என்றால் போதும், கடைக்காரன் வேறெதுவும் கேட்காமல் அடித்தட்டிலிருந்து உருவிப் போடுவான். உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வாங்கிப் போட்டிருக்கிறேன். பையைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. சீ, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கோடியாக விழுந்த புடவையைச் சும்மா கொடுத்தாலும் சுமங்கலி யாரும் வாங்க மாட்டாள். எனக்கும் அதைக் கட்ட மனசு வரவில்லை. ஒரு வருஷம் பீரோவின் அடியில் கிடந்து பாச்சை பிடித்தது. ஒரு நாள் அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டுக் கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன்.

முதலில் தைத்தது பாலியஸ்டர். சூடான தோசைக்கல்லைப் பிடித்ததுதான் தாமதம், உருகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. மயிர் பொசுங்குகிற நாற்றம். இரண்டு நாள் அந்தக் கல்லைச் சுரண்டினேன், போட்டவர்களையெல்லாம் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே. இருபத்தேழில் நல்ல பருத்தி ஒன்றே ஒன்றுதான் தேறியது. என் நாத்தனார் போட்டது. காப்பிக்கொட்டை நிறத்தில் மஞ்சள் மாங்காய் போட்டது.

அதைச் சதுரம் சதுரமாக வெட்டினேன். நடுவில் பழைய லுங்கியை நாலு மடிப்பாக வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினேன். மகள் பள்ளிக்கூடத்தில் பின்னி மீந்த சிவப்பு உல்லன் நூல் ஒரு டப்பாவில் கிடந்தது. கொக்கி ஊசியால் சுற்றிலும் அதில் ஓரம் பின்னி, ஆணியில் மாட்ட மூலையில் ஒரு வளையமும் வைத்தேன். மொத்தம் ஆறு. கொதிக்கிற குழம்புச் சட்டியைப் பிடித்தாலும் கையில் சூடு ஏறவில்லை. அந்தப் பழைய கரித்துணியைக் குச்சியால் தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

அப்புறம் மகளுக்கு வளைகாப்பு வந்தது, வில்லியனூரில், அவள் மாமியார் வீட்டில். எனக்கு இருந்தது ஒரே ஆசை. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு அதில் அரை மனசு. "ஆம்பளத் தொண இல்லாத வூடு" என்று போனில் இரண்டு முறை இழுத்திருந்தாள். அவள் வாயை அடைக்கவே விடியற்காலையில் எழுந்து ஐந்து வகைச் சாதம் கிளறி, சூடு ஆறாமல் குண்டான்களை மூடிக் கட்டி வேனில் ஏற்றினேன். தூக்க வாட்டமாக ஆறு பிடிதுணியையும் எடுத்துப் போனேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. எனக்கு அது வெறும் துணியாகிவிட்டிருந்தது.

போனதும் சம்பந்தியம்மா, "நீங்க அடுப்பாண்டயே இருங்க, அங்க ஆளு இல்ல" என்றாள். ஐந்து பேர் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். கூடத்தில் என் மகளுக்கு ஊரே சந்தனம் பூசிற்று. நான் சமையற்கட்டுச் சந்து வழியாகப் பார்த்தேன்.

பந்தி தொடங்கியது. புளிசாதக் குண்டானைத் தூக்க என் நாத்தனார் வந்தாள். பிடிதுணியைக் கையில் எடுத்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது நான் போட்ட கோடியாச்சே!"

அவள் குரல் கூடம் வரைக்கும் போயிற்று. "எங்கண்ணனுக்காக நல்ல காட்டனா தேடித் தேடி எடுத்தேன். அதக் கிழிச்சுச் சட்டி தூக்கறியா? அதுவும் புள்ளத்தாச்சி வூட்டுக்குக் கொண்டாந்துகீற!" என்று அழுதாள். அவள் அழுததில் பொய் இல்லை. அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பந்தியில் கைகள் நின்றுவிட்டன. ஒருத்தி வாயில் போட்டதை இலையோரம் துப்பினாள். காலையில் அடுப்புப் புகையில் வெந்து நான் கிளறிய சோறு!

"இதையே நான் ஒடம்புல கட்டிக்கலாம், சட்டியில படக்கூடாதா? இன்னா நாயம் இது?" என்று கத்தினேன்.

சம்பந்தியம்மா நிதானமாக, அவள் காத்திருந்ததைச் சொன்னாள். "எனக்கு மனசு ஒப்பல. பிரசவம் இங்கயே ஆகட்டும்."

அப்போது என் மகள் எழுந்து வந்தாள், இரண்டு கையிலும் வளையல் நிறைய. நாத்தனாரிடமிருந்து பிடிதுணியை வாங்கிக் குண்டானைத் திறந்து, ஒரு கை புளிசாதம் அள்ளித் தின்றாள். மென்று முடித்துவிட்டு மாமியாரைப் பார்த்துக் கேட்டாள்:

"அத்த, நாளைக்கு உங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா எனக்கும் இதே மாதிரி கொண்டாந்து போடுவாங்க இல்ல? அப்ப நான் ஆக்கற சோத்த என் கொழந்த துன்னக்கூடாதா?"

மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றிருந்தான். சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் முதலில் வாய் திறந்தது நான்தான். "மூதேவி, வாயக் கழுவுடி!" என்று பாய்ந்துபோய் மகளின் வாயைப் பொத்தினேன். அவள் உதட்டுப் புளி என் உள்ளங்கையில் ஒட்டியது.

"மொதல்ல இவளக் கூட்டிக்கினு கெளம்புங்க" என்றாள் சம்பந்தியம்மா. மகனை ஓரமாக இழுத்து, தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வேனில் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீடு வந்ததும் அவளை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே ஓடிக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து வந்து மூன்று சுற்றுச் சுற்றினேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

"கோடித்துணியால ஒண்ணும் ஆவாது. நான் பேசனா மட்டும் ஆயிடுமா?" என்றாள்.

"பேசாத. தூன்னு மூணு வாட்டி துப்புடி."

கையை நீட்டினேன். துப்பினாள். மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பினாள்.